கலிஃபோர்னியா அரசு உயர்நிலைப் பள்ளியில் டிப்ளமோ (பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ்) வாங்கக் குறைந்தபட்சம் என்னென்ன படிக்க வேண்டும்?

உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பை இந்தியாவில் முடித்துவிட்டு இங்கே பத்தாம் வகுப்பில் சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பிளஸ் டூ போல இங்கேயும் பொதுத்தேர்வு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் இங்குள்ள அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொதுத்தேர்வு கிடையாது. 2006-இல் முடித்த மாணவர்கள் தொடங்கி ஒரு தேர்வு கட்டாயமாக இருந்தது, 2015-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வருடங்களில் எந்தெந்தப் பாடங்களில் தேர்ச்சி பெற்றாள் என்பதுதான் கணக்கு.

மாநிலச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. ஆங்கிலம் மூன்று வருடம், கணிதம் இரண்டு, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் மூன்று, உடற்கல்வி இரண்டு. இவை தவிர கலை, வேற்றுமொழி, தொழிற்கல்வி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒரு வருடம். மொத்தம் பதின்மூன்று பாடங்கள்தான். கணிதத்தில் 'அல்ஜீப்ரா 1' என்ற பாடம் கட்டாயம். அதை நடுநிலைப் பள்ளியிலேயே முடித்திருந்தாலும் உயர்நிலையில் இரண்டு வருடக் கணிதம் படித்தே ஆகவேண்டும். இந்தப் பட்டியலுக்கு மேல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளும். பல மாவட்டங்களில் 220 கிரெடிட் கேட்கிறார்கள், ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 5 கிரெடிட். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 210. ஆகவே வீடு பார்க்கும்போதே அந்த மாவட்டத்தின் இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளியை முடிக்கத் தேவையான பட்டியல் வேறு, கல்லூரியில் சேரத் தேவையான பட்டியல் வேறு. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குடும்பங்களும் 'ஏ-ஜி' என்ற 15 பாட வரிசையைக் கேட்கின்றன. அதில் ஆங்கிலம் நான்கு வருடம், கணிதம் மூன்று வருடம், வேற்றுமொழி இரண்டு வருடம். மாநிலக் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடைவெளி புரியும். அதைவிட முக்கியம் கிரேடு, அதாவது ஏ, பி, சி, டி என்று இறங்கும் மதிப்பெண் எழுத்து. டி வாங்கினாலும் பள்ளி அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டு கிரெடிட் தந்துவிடும். ஏ-ஜி கணக்கில் சி-க்குக் கீழே போனால் அந்தப் பாடம் செல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு வேதியியலில் டி வந்தது. தேர்ச்சிதானே என்று பள்ளியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தன்னந்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா இது? முதல் நாளிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. டி வந்தால் அடுத்த கோடை வகுப்பிலேயே திரும்பப் படிக்க வையுங்கள். யூசி-க்கு 15-இல் 11 பாடங்கள் பதினோராம் வகுப்புக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும், காலம் அதிகம் இல்லை.

பத்தாம் வகுப்பில் சேருவது நல்ல சமயம்தான். உலக வரலாறு பெரும்பாலும் பத்தில், அமெரிக்க வரலாறு பதினொன்றில், அரசாங்கமும் பொருளாதாரமும் பன்னிரண்டில் வரும். அதனால் சமூக அறிவியலில் அவள் எதையும் தவறவிட்டிருக்க மாட்டாள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களுக்கு எவ்வளவு கிரெடிட் தருவது என்பதைப் பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சலர் பார்த்து முடிவு செய்வார். உடற்கல்விப் பீரியட் இருந்தது என்று பழைய பள்ளியிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள். இல்லாவிட்டால் இங்கே இரண்டு வருடமும் அதற்கே ஒரு பீரியட் போய்விடும்.

அப்புறம் தமிழ். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடமாவது தமிழ் வழியில் படித்திருந்தால், அதை வைத்தே யூசி-யின் வேற்றுமொழித் தேவையை நிறைவு செய்ய வழியுண்டு. ஆங்கில வழியில் படித்துத் தமிழை ஒரு பாடமாக எடுத்திருந்தாலும் கவுன்சலரிடம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதற்குக் கிரெடிட் தரும் மாவட்டங்களும் உண்டு. அவளுக்குத் தெரிந்த மொழியை விட்டுவிட்டு ஸ்பானிஷை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைப்பதற்கு முன் இதையெல்லாம் விசாரித்துவிடுங்கள்.

இளைய பிள்ளை இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2030-31 கல்வியாண்டில் முடிப்பவர்களிலிருந்து தனிநபர் நிதி என்ற ஒரு செமஸ்டர் பாடமும் கட்டாயமாகிறது.

நடுவில் வேலை மாறி வேறு மாநிலம் போக நேர்ந்தால் கணக்கு மொத்தமும் மாறும். அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. டெக்சஸில் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட், கூடுதலாக ஒரு சிறப்புத் துறையையும் தேர்ந்தெடுத்தால் 26. அங்கே ஒரு வருடப் பாடத்துக்கே ஒரு கிரெடிட்தான், எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஐந்து பாடங்களில் மாநிலத் தேர்வும் உண்டு. முடிந்தவரை பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வருடங்களை ஒரே மாநிலத்தில் கழிக்கப் பாருங்கள்.