வளைவு ஜன்னல்களுக்குப் பிளைண்ட்: பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: புதுச்சேரியில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் ஹாலில், மேற்குப் பார்த்த இரண்டு அரைவட்ட ஆர்ச் ஜன்னல்கள் உள்ளன. அகலம் 1200 மி.மீ.; ஆர்ச்சின் உச்சி தரையிலிருந்து 2.7 மீட்டர். மாடிப்படி அருகே 2 மீட்டர் ஆரத்தில் வெளிப்புறமாக வளைந்த, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் ஒன்றும் இருக்கிறது. மூன்றுக்குமே ரோலர் பிளைண்ட் (குழாயில் சுருளும் துணித் திரை) போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். அது சரிவருமா? பூச்சு வேலை தொடங்குமுன் எவற்றை முடிவு செய்ய வேண்டும்?

பதில்: கடைக்காரர் சொல்வது ஹால் ஜன்னல்களுக்கு ஓரளவு பொருந்தும், மாடிப்படி ஜன்னலுக்குப் பொருந்தாது. இரண்டையும் நாம் வளைவு என்றே சொன்னாலும் அவை வேறு வேறு சிக்கல்கள். ஆர்ச்சில் வளைவு மேல் விளிம்பில் மட்டுமே இருக்கிறது, கண்ணாடி தட்டையானது. மாடிப்படியில் மேல் விளிம்பு மட்டமாக இருக்க, கண்ணாடியே வளைந்து செல்கிறது.

ரோலர் பிளைண்டின் துணி நேரான குழாயில் சுருள்வதால், அதன் மேல் விளிம்பு நேராகவும் இரு பக்கங்களும் இணையாகவும் இருந்தாக வேண்டும். அரைவட்டமாக வெட்டிய துணியை மேலிருந்து இறக்கவே முடியாது. எனவே ஆர்ச் ஜன்னலில் ரோலருக்கு இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று, வளைவு தொடங்கும் மட்டத்தில், உங்கள் ஜன்னலில் 2.1 மீட்டர் உயரத்தில், பொருத்தி அரைவட்டத்தைத் திறந்தே விடுவது. மற்றொன்று, உச்சிக்கு மேலே உட்சுவரில் பொருத்தி, இரு புறமும் ஏறத்தாழ 100 மி.மீ. கூடுதல் அகலத்துடன் முழுவதையும் நீள்சதுரத் துணியால் மூடுவது. இரண்டாவது வழி மலிவானது, வெளிச்சக் கசிவும் குறைவு. ஆனால் துணியை இறக்கியதும் ஆர்ச்சே மறைந்துவிடும், அத்தனை செலவு செய்து கட்டிய வளைவை மாலைதோறும் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அரைவட்டத்தைத் திறந்தே விட்டால் என்ன என்று கேட்கலாம். வடக்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் தாராளமாக விடலாம் என்பேன். மேற்கில் அது முடியாது. செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியில், மாலை 4 மணியை ஒட்டிப் புதுச்சேரியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 29 பாகை உயரத்தில் நிற்கும். அந்தக் கோணத்தில் 2.1 மீட்டருக்கு மேலுள்ள அரைவட்டத்தின் வழியே வரும் வெயில், சுவரிலிருந்து ஏறக்குறைய 3.8 மீட்டர் முதல் 4.9 மீட்டர் வரை தள்ளித் தரையில் விழுகிறது. சோஃபாவும் தொலைக்காட்சியும் இருக்கக்கூடிய இடம் அது. கீழ்ப்பகுதிக்கு மட்டும் பிளைண்ட் போட்டால், அறைக்குள் அதிக தூரம் நுழையும் வெயிலைத்தான் நீங்கள் தடுக்காமல் விட்டிருப்பீர்கள்.

ஆகவே என் பரிந்துரை இது: அரைவட்டத்தில் விசிறி மடிப்பாக அமைந்த, அசையாத ஹனிகோம்ப் (தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட துணி) அல்லது பிளீட்டட் (மடிப்புத் துணி) பிளைண்ட், அதன் கீழே 2.1 மீட்டர் மட்டத்தில் வழக்கமான ரோலர். மேல்பகுதியையும் ஏற்றி இறக்கும் அமைப்புகள் கிடைக்கின்றன என்றாலும், அந்த உயரத்தில் உள்ளதைத் தினமும் இயக்குபவர்கள் மிகக் குறைவு. மடிப்புகள் சீராக விரிய வேண்டுமானால் உயரம் அகலத்தில் சரிபாதியாக, அதாவது 600 மி.மீ. ஆக இருக்க வேண்டும். கொத்தனார் கையில் அது 585 ஆகவோ 610 ஆகவோ போயிருந்தால், அளவெடுத்துத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒன்றையும் யோசியுங்கள். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி வீடுகளில், சாய்ந்த பட்டிகள் கொண்ட மரக் கதவுகளை ஜன்னலின் வெளிப்புறத்தில் காணலாம். அவை வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துகின்றன. உள்ளே போடும் எந்தத் துணியும், எவ்வளவு நல்லதாயினும், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தோடுதான் போராடுகிறது.

மாடிப்படி ஜன்னலுக்கு வருவோம். அங்கே நேரான ரோலர்களை அடுத்தடுத்து வைத்தால், ஒவ்வொன்றும் வளைவைக் குறுக்காக வெட்டும் நாணாக அமையும். 2 மீட்டர் ஆரத்தில் 600 மி.மீ. அகல ரோலரின் நடுவே கண்ணாடிக்கும் துணிக்கும் இடையில் கூடுதலாக 23 மி.மீ. இடைவெளி விழும், 1200 மி.மீ. ரோலரில் அது 92 மி.மீ. ஆகிவிடும். அகலம் இரட்டித்தால் இடைவெளி நான்கு மடங்காகிறது. குறுகிய ரோலர்களாகப் பிரித்தாலோ ஒவ்வொரு சந்திப்பிலும் வெளிச்சக் கீற்று. ஆகவே இங்கு வளைத்த தண்டவாளத்தில் செங்குத்துப் பட்டிகளாகத் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட்தான் பொருத்தம். அதன் 89 மி.மீ. பட்டிகள் வளைவை ஒட்டியே நிற்கும், ஜன்னல் திறக்காதது என்பதால் காற்றில் அடித்துக்கொள்ளவும் வாய்ப்பில்லை. தாங்கள் தரும் தண்டவாளத்தை எந்த ஆரம் வரை வளைக்க முடியும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுங்கள். கண்ணாடி டஃபண்ட் (சூடாக்கிக் குளிர்வித்து வலுவாக்கிய) வகை அல்ல என்றால் பிளைண்டை அதோடு ஒட்டிப் பொருத்தாதீர்கள். இடையில் தேங்கும் வெப்பத்தால் விரிசல் விழலாம்.

அளவெடுப்பதை வரைபடத்திலிருந்து செய்ய வேண்டாம். ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு ஆர்ச்சுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பழுப்புக் காகிதத்தை ஆர்ச்சின் மேல் ஒட்டி, பூச்சின் விளிம்பில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் வளைவு அப்படியே பதியும். அதை மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, திரும்ப ஆர்ச்சுக்குள் வைத்துப் பார்த்து, ஜன்னல் எண்ணையும், அறையைப் பார்க்கும் பக்கம் எது என்பதையும், வளைவு தொடங்கும் கோட்டையும் அதிலேயே குறியுங்கள். மாடிப்படியில் 1200 மி.மீ. நேர்ச்சட்டத்தின் இரு முனைகளும் ஜன்னல் சட்டத்தைத் தொடுமாறு வைத்து, நடுவில் இடைவெளியை அளவிடுங்கள், 92 மி.மீ. வந்தால் ஆரம் சரியாக இருக்கிறது. ஆர்டர் கொடுப்பது பூச்சும் பெயிண்டும் முடிந்த பிறகுதான்.

இப்போதே செய்ய வேண்டியது மின்வேலை. மோட்டார் வைக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், 2.1 மீட்டர் மட்டத்திலும் மாடிப்படித் தண்டவாளத்தின் ஒரு முனையிலும் கன்ட்யூட் (மின்கம்பி செல்லும் குழாய்) பதித்துவிடுங்கள். சங்கிலியால் இயக்குவதானால், தொங்கும் வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டாதபடி அதைச் சுவரோடு இறுக்கும் பிடிப்பு தேவை. அதைத் தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாமல் பொருத்தச் சொல்லுங்கள்.

துணியில், ரோலருக்கு 3 சதவீதத் திறப்புள்ள, அதாவது நெசவில் அந்த அளவு நுண்துளைகள் கொண்ட, ஸ்கிரீன் வகை போதும். வெளிப்பக்கம் வெளிர் நிறமும் உள்பக்கம் அடர் நிறமும் இருந்தால் வெப்பமும் திரும்பும், வெளியே பார்க்கவும் முடியும். கடற்காற்றில் சாதாரண இரும்பு பிராக்கெட்டுகள் விரைவில் துருவேறும் என்பதால், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டங்களும் வேண்டுமெனக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். அளவெடுத்ததில் தவறு நேர்ந்தால் மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.