சுகர் இருக்கிறது, வயது 67: சைக்கிளை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு வயது 67. 14 வருடங்களாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால் எடுத்துக்கொள்கிறேன். தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுவேன். திரும்பி வந்துதான் சாப்பாடு. போன மாதம் பாதி வழியில் கண் இருட்டி, வியர்த்துக் கொட்டி, ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். படபடப்பே இல்லை. அதனால் சுகர் குறைந்திருக்காது என்று நினைத்தேன். அன்றிலிருந்து மகன் சைக்கிள் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். வேகமும் முன்பு போல இல்லை, பாதமும் சில நேரம் மரத்துப்போகிறது. இனி நிறுத்திவிட வேண்டியதுதானா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இத்தனை நாள் ஓட்டிய மாதிரியும் ஓட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மாத்திரைகளின் பெயர் எல்லாம் இருக்கிறது, ஆனால் சைக்கிள் ஓட்டுவதை மருத்துவரிடம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு மணி நேரம் மிதிப்பதும் சுகரைக் குறைக்கிற ஒரு மருந்து மாதிரிதான். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கிளிமிபிரைடோ, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் சுகர் சரியத்தான் செய்யும். அன்று நடந்தது பெரும்பாலும் இதுதான். வயதின் மேல் பழி போட வேண்டியதில்லை.

படபடப்பு வராததற்குக் காரணம் மெட்டோபிரலால். சுகர் இறங்கும்போது வருகிற நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை, வெயிலுக்கும் உழைப்புக்கும் பொருந்தாமல் திடீரென்று வியர்த்தால் அதுதான் அபாய மணி. உடனே இறங்கிவிடுங்கள்.

கிளிமிபிரைடை அந்த நாளின் முதல் முக்கிய உணவோடு சேர்த்துத்தான் போட வேண்டும். சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சுகரையும் சைக்கிளே இழுத்துப் பிடித்துவிடும். மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், அல்லது சுகரை அப்படித் தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற்றலாம். இந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

கிளம்புமுன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்கட்டும். வழியில் 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறிவிட்டது என்று உடனே சைக்கிளில் ஏறாதீர்கள். மூளை முழுதாகத் தெளிய முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அன்றைக்கு யாரையாவது வரச்சொல்லி வீடு திரும்புவதுதான் நல்லது. இன்னொன்று: நீண்ட தூரம் போன நாளில் இரவிலும் சுகர் இறங்கலாம். படுக்கப் போகுமுன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பாதம் மரத்துப்போவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடையோடு ஒப்பிட்டால் சைக்கிளில் பாதத்துக்குப் பாரம் குறைவு, அது உங்களுக்கு நல்லதே. சிக்கல் வண்டியை நிறுத்தும்போதுதான். கால் தரையில் ஊன்றிவிட்டதா இல்லையா என்று மரத்த பாதத்துக்குச் சரியாகத் தெரியாது. விழுவது அங்கேதான். சீட்டைக் கொஞ்சம் இறக்கி, உட்கார்ந்தபடியே பாதம் தரையைத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். மிதிப்பது சற்றுச் சிரமமாகும், பரவாயில்லை. காலைத் தூக்கிப்போடாமல் ஏறி இறங்கக்கூடிய, நடுக்கம்பி தாழ்ந்த சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஷூவை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னக் கல் ஒரு மணி நேரம் உறுத்தியும் தெரியாமலே புண்ணாகிவிடும். வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

வேகம் குறைந்ததில் வயதுக்கும் பங்கு உண்டு, மெட்டோபிரலாலுக்கும் உண்டு. அது இதயத் துடிப்பை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாது. எனவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி ஓட்டாதீர்கள். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா, அந்த வேகம் போதும். ஆனால் சில வாரங்களுக்குள் திடீரென்று வேகம் விழுந்திருந்தால் கதை வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் இதயப் பிரச்சினை வருவதுண்டு. புதிதாக மூச்சு வாங்குவது, காரணமில்லாத களைப்பு, தாடையிலோ கையிலோ வலி இருந்தால் இதயத்தைப் பரிசோதித்த பிறகே மறுபடி ஓட்டுங்கள். விழித்திரைப் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், அதையும் முடித்துவிடுங்கள்.

சைக்கிள் தொடைக்கு வலு தரும், எலும்புக்கு அவ்வளவாகத் தராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் மகன். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று ஏன் அப்படி ஆனது, மறுபடி ஆனால் என்ன கொடுக்க வேண்டும் என்று அவர் காதாலேயே கேட்கட்டும். முதல் சில வாரங்கள் போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் அவரிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சாவியை அவரே கொடுத்துவிடுவார் என்று நம்புகிறேன்.