குடியரசைக் கொன்றது சீசர் மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

ரோமானிய வரலாறு படித்து வருகிறேன். கி.மு. 509-ல் அரசனைத் துரத்திவிட்டு, அரசன் என்ற பேச்சே கூடாது என்று வாழ்ந்த மக்கள், கடைசியில் ஒரே மனிதருக்கு அடங்கிப்போனது எப்படி? சீசரின் பேராசைதான் காரணமா? அப்படியானால் அவரைக் கொன்ற பிறகும் குடியரசு ஏன் மீளவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதவி ஆசை சீசருக்கு முன்பும் ரோமில் எல்லோருக்கும் இருந்தது. ஆசைப்பட்டவர் பின்னால் படையும் கிளம்பிப் போனதே, அது எதனால் என்று பாருங்கள்.

பழைய ரோமில் நிலம் உள்ளவன்தான் சிப்பாய். போர் முடிந்தால் ஊர் திரும்பி உழுவான். கி.மு. 107-ல் தளபதி மாரியஸ் நிலமில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார். போர் முடிந்து இவர்கள் எங்கே போவது? அரசிடம் அதற்கு நிலையான ஏற்பாடு ஏதும் இல்லை. தளபதி பார்த்து வாங்கித் தந்தால் உண்டு. கி.மு. 88-ல் சுல்லா என்ற தளபதி ரோம் நகரத்தின் மீதே படையெடுத்தபோது, அவருடைய அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் விலகிக்கொண்டார்கள். சிப்பாய்கள் விலகவில்லை.

எனக்கு ஆறாத கோபம் ரோமின் மூத்தோர் அவையான செனட்டின் மேல்தான். கி.மு. 62-ல் தளபதி பாம்ப்பே கிழக்கை வென்று திரும்பினார். அவர் நினைத்திருந்தால் அன்றே ரோமைப் பிடித்திருக்கலாம். இத்தாலியில் இறங்கியதும் சட்டப்படி படையைக் கலைத்தார். தன் வீரர்களுக்கு நிலம் கேட்டார். செனட்டர் கேட்டோவும் அவர் கூட்டாளிகளும் அதை இழுத்தடித்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவருக்குக் கிடைத்த மரியாதை அது! கடைசியில் கி.மு. 59-ல் அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்தவர் சீசர், அதுவும் எதிர்த்தவர்களை அடித்து விரட்டிவிட்டு. கேட்டோ நேர்மையானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடியரசு தன் சிப்பாயைக் கைவிட்டால் அவன் யாரிடம் போவான் என்று அவர் யோசிக்கவில்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. கி.மு. 44 மார்ச் 15-ல் சீசரைக் கொன்றவர்களிடம் படை இல்லை. அவருடைய பழைய வீரர்களோ நிலத்துக்காக ரோமிலேயே காத்திருந்தார்கள். இரண்டே நாளில் செனட் கூடி, சீசரின் ஆணைகள் எல்லாம் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, சீசர் உயிலில் தத்தெடுத்திருந்த 19 வயது ஆக்டேவியன் ஆளுக்கு 500 டினாரியஸ் (வெள்ளி நாணயம்) கொடுத்து அந்த வீரர்களைத் தன் பக்கம் திரட்டினார். பதவி எதுவும் இல்லாத ஒரு இளைஞனின் சொந்தப் படை!

அவர்தான் பின்னாளில் அகஸ்டஸ். கி.மு. 27-ல் எல்லா அதிகாரத்தையும் செனட்டிடம் திருப்பித் தருவதாக அறிவித்தார். அப்புறம் ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா என்று படைகள் நிற்கும் மாகாணங்களைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். தேர்தல் நடந்தது, கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள் ஆண்டுதோறும் வந்தார்கள், செனட்டும் கூடியது. கி.பி. 6-ல் ஓய்வுபெறும் வீரர்களுக்கென்றே தனிக் கருவூலம் அமைத்து, சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் (நான்கு சேர்ந்தால் ஒரு டினாரியஸ்) போட்டார். அது தொடர்ந்து நடக்க, சொத்து வாரிசுக்குப் போகும்போது 5 சதவீத வரி விதித்தார். செனட் செய்திருக்க வேண்டிய வேலை அது.

கி.பி. 41-ல் பேரரசர் கலிகுலா கொல்லப்பட்டபோது செனட்டர்கள் கூடி, குடியரசை மீட்கலாமா என்று விவாதித்தார்கள். அதற்குள் பேரரசரின் காவல்படை கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைத் தங்கள் முகாமுக்குக் கூட்டிப்போய்ப் பேரரசராக்கிவிட்டது. ஒவ்வொரு வீரருக்கும் அவர் 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்களித்தார். செனட் ஒப்புக்கொண்டது.