அம்பாசிடர் டேப்பெட் கவரை வீட்டுப் பட்டறையில் செய்தல்: கேள்வி பதில்

என்னுடைய மார்க் 2 அம்பாசிடரில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் பக்கவாட்டில், மேனிஃபோல்டு குழாய்களுக்குப் பின்னால், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளை மூடியபடி இரண்டு டேப்பெட் கவர்கள் உள்ளன. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் பொருந்தியிருக்கும் முன்கவர் துருவேறி ஓட்டையாகிவிட்டதால், பழைய கவர்களைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, 1.2 மி.மீ. தகட்டில் நானே ஒன்று செய்து, ப்ரீதர் குழாயைப் பித்தளை வெல்டிங்கில் இணைத்துப் பொருத்தினேன். அது எண்ணெய் கசியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதியபோது வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கவரில் அழகு முக்கியமில்லை, விளிம்பு சமதளமாக இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி (சேலம்): ஐயா, எந்தத் தகடு வாங்க வேண்டும்? கடையில் பெயர் சொல்லிக் கேட்கும்படி சொல்லுங்கள்.

பதில்: சி.ஆர்.சி.ஏ. தகடு என்று கேளுங்கள். குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய மென்தகடு அது. ஐ.எஸ். 513 என்ற இந்தியத் தரத்தின் பழைய பெயர்களில் டி, டி.டி., இ.டி.டி. என்று வகைகள் உண்டு. வரிசையில் பின்னால் போகப் போகத் தகடு ஆழமாக இழுபடும். நம் வேலைக்கு டி.டி. கிடைத்தால் நல்லது, டி போதும். கனம் 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. இருக்கட்டும். கருந்தோல் படிந்த சூட்டு உருட்டுத் தகடு வேண்டாம், ஜி.ஐ. தகடு வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சின் மேல் தீச்சுடரைக் காட்டினால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும்.

கேள்வி (தஞ்சாவூர்): அளவு எப்படி எடுத்தீர்கள்? பழைய கவரைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டால் போதாதா?

பதில்: போதாது. பழைய கவர் பல ஆண்டுகளாக நடுப்போல்ட்டால் இழுபட்டு வளைந்து போனது. அதன் வளைவை நகலெடுத்தால் அதன் கசிவையும் சேர்த்தே நகலெடுத்தவர் ஆவீர்கள். எஞ்சின் பிளாக்கில் கவர் பொருந்துவதற்காகக் கடைந்து சமன் செய்த முகம் ஒன்றுதான் நம்பத்தக்க அளவு.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். மேனிஃபோல்டைக் கழற்றி, பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த, கசிவைத் தடுக்கும் பழைய கார்க் பேக்கிங்கை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தேன். சுரண்டுவதற்கு முன்பே உள்ளே துணியை அடைத்துவிட்டேன், ஏனென்றால் அங்கே விழும் துகள் நேராக டேப்பெட்டுகளைத் தூக்கும் கேம்ஷாஃப்ட்டுக்குப் போகும். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை அந்த முகத்தில் அழுத்திப் பிடித்து, எண்ணெய் தொட்ட கட்டைவிரலால் ஓரம் முழுவதும் தேய்த்தேன். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் போல்ட் ஓட்டையும் கறுப்புக் கோடாக அட்டையில் பதிந்தன. அட்டையை அந்தக் கோட்டிலேயே வெட்டி, மறுபடியும் பிளாக்கில் வைத்துப் பார்த்து, திருத்திய பிறகுதான் தகட்டுக்குப் போனேன்.

கேள்வி (காரைக்குடி): அச்சு இல்லாமல் விளிம்பை எப்படி மடித்தீர்கள்? நான் மடிக்கும்போது மூலைகளில் சுருக்கம் விழுகிறது.

பதில்: எல்லோரும் தடுமாறும் இடம் இது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். அச்சு நிச்சயம் வேண்டும். அதை மரத்தில் நாமே செய்துகொள்ளலாம். ஒரே வடிவத்தில் இரண்டு வேங்கைக் கட்டைகள் எடுத்துக்கொண்டேன். கவரின் வெளி அளவிலிருந்து இரு பக்கமும் தகட்டின் கனத்தைக் கழித்த அளவு கீழ்க்கட்டைக்கு. மேல்கட்டை அதைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கலாம். கீழ்க்கட்டையின் மேல் ஓரத்தை 2 மி.மீ. அளவுக்கு அரத்தால் உருட்டிவிட வேண்டும். ஓரம் கூராக இருந்தால் மடிப்பில் தகடு கிழியும். நடுப்போல்ட் ஓட்டை எப்படியும் தேவை என்பதால் அதையே பயன்படுத்தி, இரண்டு கட்டைகளுக்கும் நடுவே தகட்டை வைத்துப் போல்ட்டால் இறுக்கி, மேலும் இரண்டு சி-கிளாம்பு போட்டேன்.

மூலையில் சுருக்கம் விழக் காரணம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நேரான பக்கத்தில் தகடு வெறுமனே மடிகிறது. மூலையிலோ நீளமான ஓரம் குறுகிய ஓரமாகச் சுருங்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் உலோகத்துக்குப் போக வழியில்லாததால் அது அலையாக எழும்புகிறது. எனவே மடிப்பின் உயரத்தை 6 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள், மூலையின் வளைவை இயன்ற அளவு பெரிதாக வையுங்கள். ஒரே இடத்தில் முழுவதும் மடித்துவிடாமல், மரக் கொட்டாப்புளியால் 15 பாகை மட்டும் சாய்த்து, சுற்றுமுழுவதும் ஒரு தடவை வந்த பிறகு அடுத்த 15 பாகைக்குப் போங்கள். மூலையில் சின்ன அலை எழும்பினால் அது படுத்து மடிவதற்கு முன்பே கேஸ் சுடரில் அந்த இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, அலையின் இரு ஓரங்களிலிருந்தும் உச்சியை நோக்கி மெதுவாகத் தட்டுங்கள். உலோகம் தன்னுள்ளேயே தடித்துச் சுருங்கும். அலை ஒருமுறை தன்மேலேயே மடிந்துவிட்டால் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதே மேல். எனக்கு மூன்றாவது தகடுதான் சரியாக வந்தது.

கேள்வி (நாமக்கல்): வீட்டில் ஜி.ஐ. தகடு கிடக்கிறது, பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. காரணத்தைச் சேலத்து அன்பருக்குச் சொன்ன பதிலில் பாருங்கள்.

கேள்வி (கடலூர்): ப்ரீதர் குழாய்க்குப் பின்னால் உள்ளே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதே, அதை விட்டுவிட்டால் என்ன? இன்னும் சொல்லப்போனால், குழாயையே அடைத்துவிட்டால் எண்ணெய்ப் புகை வராதல்லவா?

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் எஞ்சினின் கீழறையான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். இந்த எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம் ஒன்று, எண்ணெயைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளித் திருப்பி அனுப்புகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தப் பள்ளம் தோற்றுவிடும். எண்ணெய் கிளட்ச் பக்கம் இறங்கும். பின்சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் ப்ரீதர் அடைபட்டிருந்ததைக் கண்டுபிடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தடுப்புத் தகட்டையும் விடக் கூடாது. கேம்ஷாஃப்ட் வாரியடிக்கும் எண்ணெய் நேராகக் குழாயின் வாயில் விழாமல் காப்பது அது. குழாயின் வாய்க்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டு, வடியும் எண்ணெய் திரும்பி இறங்கக் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும்படி அதைப் பொருத்துங்கள். அந்த இடத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்து வைப்பவர்கள் உண்டு. அந்த நார் உதிர்ந்து டேப்பெட்டுகளின் மேல் விழும். செய்யாதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): என் அம்பாசிடர் 1.8 லிட்டர் ஐசூசு எஞ்சின் கொண்டது. இதே முறை பொருந்துமா?

பதில்: அந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இருக்கிறது, இந்தப் பக்கக் கவரே அதற்குக் கிடையாது.

கேள்வி (திண்டுக்கல்): பத்மினி காரின் ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை) இப்படிச் செய்யலாமா?

பதில்: ஃபியட் எஞ்சினில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். கவரில் ஊசி ஓட்டை இருந்தால் சொட்டும், சம்ப்பில் இருந்தால் நடுவழியில் எண்ணெயே தீர்ந்துபோகும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ப்ரீதர் குழாயைப் பித்தளை வெல்டிங்கில் இணைத்ததாக எழுதியிருந்தீர்கள். இந்தக் காலத்தில், மின்பொறியால் தகட்டையே உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங் இருக்கும்போது அது எதற்கு? மேலும், துத்தநாகப் புகைக்காக ஜி.ஐ. தகட்டைத் தள்ளுகிறீர்கள், பித்தளைக் கம்பியிலும் துத்தநாகம் இருக்கிறதே?

பதில்: நியாயமான கேள்வி. இரண்டாவது பாதியில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கிறது, பித்தளைக் கம்பியை உருக்கும் வெப்பமும் அதை ஒட்டியே இருக்கிறது. ஆகவே சூடு மிஞ்சினால் வெண்புகை எழும். வேறுபாடு கட்டுப்பாட்டில்தான். சுடரில் ஆக்சிஜனைச் சற்றே கூட்டி வைத்தால் உருகிய பித்தளையின் மேல் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகித் துத்தநாகம் ஆவியாவதைத் தடுக்கும். வெண்புகை எழுந்தால் சூடு அதிகம் என்று பொருள். உடனே சுடரை விலக்குங்கள். எதுவானாலும் வேலையைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும்.

டிக் வெல்டிங்கைப் பற்றி: கை தேர்ந்தவருக்கு அது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 1.2 மி.மீ. தகட்டில் கை பிசகினால் ஓட்டை விழும். பித்தளையோ தகட்டை உருக்காமல் இடுக்கில் தானே ஊர்ந்து போய் நிரப்புகிறது. வெண்காரம் தூவிச் சூடேற்றியதும், அது கண்ணாடிபோல் உருகிப் பரவி, அதன் பின்னாலேயே பித்தளை ஒரு பொன்வளையமாகக் குழாயைச் சுற்றி ஓடி முடிவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த வளையம் எங்கும் அறுபடாமல் இருந்தால் கசிவு இருக்காது. ஆறியபின் மிஞ்சும் வெண்காரக் கண்ணாடியைக் கொதிநீரில் ஊறவைத்து முழுவதும் நீக்கிவிடுங்கள். அது எண்ணெயில் கலந்தால் பேரிங்குக்கு எமன்.

கேள்வி (திருப்பூர்): கோவை நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. டிக் வெல்டிங்கில் தகடு கோணிக்கொண்டது, எனக்கு அனுபவம்.

கேள்வி (கோயம்புத்தூர், மீண்டும்): கோணுவது பிடிமானம் இல்லாததால். செம்புக் கட்டையைப் பின்னால் வைத்துப் புள்ளி புள்ளியாக வைத்தால் கோணாது. பித்தளையில்தான் தகடு முழுவதும் சூடாகிறது.

பதில்: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். செம்புக் கட்டை சூட்டை உறிஞ்சும் என்பது உண்மை. பித்தளை முறையில் சூடு பரவலாகப் போகிறது என்பதும் உண்மை. என் கவரும் கோணத்தான் செய்தது. கோணலைக் குறைக்க விரும்புபவர்கள் வெள்ளி கலந்த கம்பியைப் பயன்படுத்தலாம், அதற்கு 700 பாகையை ஒட்டிய சூடே போதும். வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், காட்மியப் புகை உயிருக்கே ஆபத்து.

எந்த முறையானாலும் வேலையின் வரிசைதான் கோணலைத் தீர்க்கும். இணைப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகே விளிம்பைச் சமன் செய்ய வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் கவரின் விளிம்பை எட்டு வடிவில் தேய்த்தேன். முதலில் நான்கு மூலைகள் மட்டும் பளபளத்தன. பள்ளமான இடத்தைப் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டி எழுப்பி, மறுபடி தேய்த்து, பளபளப்பு விளிம்பைச் சுற்றி ஒரே நாடாவாகச் சேரும்வரை விடவில்லை. வெறும் கண்ணாடியில் வைத்தபோது, இடைவெளி அளக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் இதழ் எங்கும் நுழையவில்லை.

கேள்வி (ஈரோடு): ஈயப் பற்றாசு போட்டால் எளிதாக முடியுமே?

பதில்: 60/40 ஈயப் பற்றாசு 190 பாகைக்குள் உருகிவிடும். கவருக்கு முன்னால் இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வேண்டாம்.

கேள்வி (மதுரை): கவரைக் கழற்றாமல், வண்டியில் இருக்கும்போதே ஓட்டையைப் பற்றவைக்க முடியாதா?

பதில்: முடியாது, நினைத்தும் பார்க்காதீர்கள். மேலே கார்புரேட்டரில் பெட்ரோல், உள்ளே எண்ணெய் ஆவி. கழற்றிய கவரையும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பிறகே சுடரில் காட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

கேள்வி (வேலூர்): ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. குழாயின் வெளிமுனையைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, கவரின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். பிறகு கவரை மல்லாக்க வைத்து உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயைவிட மண்ணெண்ணெய் எளிதில் ஊடுருவும். ஓட்டை இருந்தால் வெள்ளையில் ஈரப்புள்ளி தெரியும். எனக்குக் குழாயின் அடியில் மிளகளவு ஒரு புள்ளி தெரிந்தது, அங்கே மட்டும் மீண்டும் பித்தளை ஓட்டினேன்.

கேள்வி (திருநெல்வேலி): கார்க் பேக்கிங்கோடு சிலிக்கான் பேஸ்ட்டையும் நிறையத் தடவி இறுக்கிவிட்டால் கவர் கொஞ்சம் வளைந்திருந்தாலும் பரவாயில்லைதானே?

பதில்: இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் நால்வர் கேட்டிருக்கிறார்கள், அனைவருக்கும் இதுவே பதில். பிதுங்கும் பேஸ்ட் வெளியே மட்டும் பிதுங்குவதில்லை, உள்ளேயும் பிதுங்குகிறது. முன்பு ஒரு பட்டறையில் என் வண்டிக்கு அப்படித் தடவி அனுப்பினார்கள். பிறகு சம்ப்பைக் கழற்றியபோது ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் புழுப்போல் பேஸ்ட் சுருண்டு கிடந்தது. கார்க்கைக் கவரின் பக்கம் மட்டும் ஷெல்லாக்கால் ஒட்டுங்கள், பிளாக் பக்கம் கிரீஸ் தடவினால் போதும். காய்ந்து சுருங்கிய கார்க்கை வெந்நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும்.

இறுக்கம்தான் பெரிய கேடு. இதே குடும்பத்தைச் சேர்ந்த, எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் கார் எஞ்சினின் கையேட்டில், சாதாரணப் பக்கக் கவரின் போல்ட்டுக்கு 2 பவுண்டு-அடியும் ஆழமாக அழுத்திய வகைக்கு 5 பவுண்டு-அடியும் மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் அளவு அது. அதற்குமேல் இறுக்கினால் நடு அமுங்கி ஓரம் தூக்கும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம், இன்னும் தூக்கும்.

கேள்வி (புதுச்சேரி): ஜி.ஐ. தகட்டின் பூச்சை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டால்?

பதில்: மடிப்பிலும் மூலையிலும் பூச்சு மிஞ்சவே செய்யும். சி.ஆர்.சி.ஏ. வாங்குங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): போல்ட்டின் தலையடியில் எண்ணெய் கசிகிறது. பழைய போல்ட்டும் தேய்ந்துவிட்டது, 8 மி.மீ. போல்ட் போடலாமா?

பதில்: தலைக்கடியில் புது ஃபைபர் வாஷர் போடுங்கள். இந்த எஞ்சினின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்த யூ.என்.எஃப். மரைகள். மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் பிளாக்கின் மரையே போய்விடும். பழைய போல்ட்டை எடுத்துப் போய் மரை ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.