54 வயதில் முழங்கால் மெனிஸ்கஸ் கிழிந்தால் ஆபரேஷன் கட்டாயமா?

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 54 வயது, கானாடுகாத்தானில் வீடு, சில மாதங்களாக முழங்கால் வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு) கிழிசல், கிரேடு 3 என்று வந்திருக்கிறது, துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். கால் எப்போதாவது பாதி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு, நீட்டவே முடியாமல் போகிறதா? இல்லை, வலி மட்டும்தான் என்றால் அவசரமே கிடையாது.

உருண்டையான தொடை எலும்பு தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது இல்லையா, அது நழுவாமல் இருக்க உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று பீப்பாய்க்கு அண்டை கொடுத்த மாதிரி இரண்டு குருத்தெலும்பு வளையங்கள், அவைதான் மெனிஸ்கஸ். உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் இவைதான் வாங்குகின்றன, காலை மடக்க மடக்க இன்னும் கூடும். ஒவ்வொரு வளையத்திலும் வெளி விளிம்புக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம். அங்கே கிழிந்தால் தையல் பிடிக்கும், உள்பகுதியில் கிழிந்தால் பெரும்பாலும் பிடிக்காது, பிசிறை வெட்டி எடுப்பார்கள். வெட்டியது திரும்ப வளராது, அந்தப் பாரமெல்லாம் எலும்பின் மேல்பூச்சுக்குப் போகும்.

கிரேடு 3 என்றால் கிழிசல் மேற்பரப்பு வரை வந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களில் இது நரைமுடி போலச் சாதாரணம். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் ஊர்க்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. பின்லாந்தில் 2013-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாள்பட்ட தேய்மானக் கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு நிஜமாகவே வெட்டி எடுத்தார்கள், மறுபாதிக்கு வெட்டுவது போலப் பாவனை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி ஒரே அளவுக்குத்தான் குறைந்திருந்தது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு ரகமும் உண்டு. சித்தப்பா மகன் கபடியில் கால் முறுக்கி விழுந்தான், முழங்கால் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. யாரோ எண்ணெய் போட்டு உருவி இழுத்தால் சரியாகும் என்றார்கள், நல்லவேளையாக அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிழிந்த துண்டு வாளிப் பிடி போலப் புரண்டு மூட்டு நடுவில் சிக்கியிருந்தது. மதுரையில் தைத்தார்கள், சில வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கபடி பல மாதத்துக்குக் கிடையாது. அவனுக்கு ஆபரேஷன்தான் சரி.

பெரியம்மாவுடையது உங்கள் அம்மா மாதிரி, மெதுவாக வந்த வலி. அவருக்குப் பிசியோதெரபி மட்டும்தான். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அமுக்கி ஐந்து வரை எண்ணி விட வேண்டும். இது பழகியதும் காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்குவது, அப்புறம் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, அங்கேதான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுங்கள்.

குத்தவைப்பது, சம்மணம் இரண்டும் நிறுத்த வேண்டும், கழிப்பறையில் கமோட் நாற்காலி போடுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு தொல்லை உயரமான திண்ணைப் படியும் கட்டுக்குக் கட்டு நிலைப்படியும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பெரியம்மாவோடு நடந்த பெரிய சண்டையே ஆத்தங்குடி டைல்ஸ் தரைக்காகத்தான். குத்தவைத்துக் கையால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் பளபளப்பு வருமாம், குச்சித் துடைப்பான் வாங்கிக் கொடுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை. எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன நிதானம் பொருந்தாது. உட்கார்ந்து எழும்போது முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று சத்தம் கேட்டு, அன்றிலிருந்தே வலி ஆரம்பித்ததா? மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டும் வேர் அறுந்திருக்கலாம். இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான், தள்ளிப்போட்டால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், தைக்க முடிகிற நிலையா என்று உடனே பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'ரூட்' (வேர்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எம்ஆர்ஐ படங்கள் உள்ள சிடியோடு வேறொரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பழனி நடை இந்த வருடம் வேண்டாம். குன்றக்குடி வரை காரில் போய், நடக்கிறவர்களை வழியனுப்பிவிட்டு வரட்டும். அங்கேயும் மலைப்படி ஏற வேண்டாம், அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.