அப்பாவின் இசைத்தட்டை வீசிவிடாதீர்கள்

வணக்கம். கோத்தகிரியில் அப்பா வைத்திருந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயினின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' இசைத்தட்டில் பூஞ்சணம் படிந்துவிட்டது, புதிதாக வாங்கிய 2011 ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவை மீண்டும் சீர்செய்த பதிப்பு) குறுந்தகடோ காதில் அறைகிறது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

1981இல் வந்த அந்தத் தொகுப்பின் பிரிட்டிஷ் பதிப்பில் 17 பாடல்கள், ஏறக்குறைய 58 நிமிடம். ஒரே தட்டில் இவ்வளவையும் அடக்கினால் வரிப்பள்ளங்களை நெருக்கித்தான் வெட்ட வேண்டும். ஒலியளவு தானாகவே குறையும். அதோடு ஒப்பிடுவதால்தான் குறுந்தகடு உரக்கக் கேட்கிறது; அதில் பழுதில்லை. குறுந்தகட்டின் ஒலியைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். ஒலிப் பொறியாளர் பாப் லுட்விக் செய்த அந்த ரீமாஸ்டரில் பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுண்டலும் தனித்துக் கேட்கும்.

இனி பூஞ்சணம். ஊட்டியில் ஒவ்வொரு ஆடிச் சாரலிலும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்: தட்டைச் சாய்த்துப் பிடித்தால் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது, நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பழைய உட்காகித உறையைக் கட்டாயம் மாற்றுங்கள். பூஞ்சணம் திரும்பி வருவது அதிலிருந்துதான். கணப்புக்கு அருகில் மட்டும் வைத்துவிடாதீர்கள், தட்டு வளைந்துவிடும்.

அட்டையில் அப்பாவின் கையெழுத்து இருப்பதாகச் சொன்னீர்களே, அதை ஈரத்துணியால் தொடவே வேண்டாம்.