செங்கல்பட்டுக்காரரும் 1958-உம்

கேள்வி: 1947-இல் சுதந்திரம் வாங்கினோம். ஆனால் 1958 வரை நம் கடற்படைக்கு வெள்ளைக்காரர்தான் தலைவர். இது நேரு அரசின் அடிமைப் புத்தி இல்லாமல் வேறென்ன?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. தேதியும் சரிதான். ராணுவத்துக்கு 1949 ஜனவரியிலேயே இந்தியத் தலைவராகக் கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954-இல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படை மட்டும் 1958 ஏப்ரல் 22 வரை காத்திருந்தது. ஆனால் நீங்கள் தவறான ஆளைக் கைகாட்டுகிறீர்கள்.

அன்று பொறுப்பேற்ற வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி 1911-இல் பிறந்தது உங்கள் பக்கத்துச் செங்கல்பட்டில்தான். அவர் வந்த வழியைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. 1927-இல் பம்பாயில் டஃபரின் பயிற்சிக் கப்பல் தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தது சரக்குக் கப்பல் ஓட்ட. போர்க்கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு கல்கத்தா துறைமுகத்துக்காக ஹூக்ளி ஆற்றை அளக்கும் வேலை. மணல்திட்டுகள் ஓயாமல் இடம் மாறும் ஆறு அது. ஆழத்தைத் திரும்பத் திரும்ப அளந்து சொல்ல ஆள் இல்லாவிட்டால் கப்பல் தரைதட்டும். நல்ல மாலுமியை உருவாக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கடற்படைக்குள் அவர் நுழைய 1939-இல் உலகப்போர் வர வேண்டியிருந்தது. அதுவும் நிரந்தரப் படையில் இல்லை, தன்னார்வ ரிசர்வ் பிரிவு வழியாக.

இப்போது கணக்குப் போடுங்கள். 1947-இல் கட்டாரியின் கடற்படைச் சேவை 8 ஆண்டு. 1949-இல் கரியப்பாவின் ராணுவச் சேவை கிட்டத்தட்ட 30 ஆண்டு. கடற்படையில் ஓர் இந்தியருக்கு முதன்முதலாக அதிகாரிப் பதவி கிடைத்ததே 1928-இல்தான், அதுவும் என்ஜின் பிரிவில். கதவை அத்தனை காலம் சாத்தி வைத்தவன் ஆங்கிலேயன். நீங்கள் கேட்க வேண்டியது அவனிடம்.

அட்மிரலை உத்தரவு போட்டு உருவாக்க முடியாது. கப்பலில் காவல் முறை பார்த்து, பிறகு ஒரு கப்பலுக்குக் கேப்டனாகி, பிறகு பல கப்பல்களைச் சேர்த்து நடத்தி வர வேண்டும். 1948-இல் நமக்குத் தலைவராக வந்த எட்வர்டு பாரி, 1939-இல் அக்கிலீஸ் கப்பலின் கேப்டனாக ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ போர்க்கப்பலோடு மோதியவர். அதே அக்கிலீஸைத்தான் நாம் 1948-இல் வாங்கி ஐ.என்.எஸ். டெல்லி ஆக்கினோம். அந்த அனுபவம் அன்று நம்மவர் எவருக்கும் கிடைக்க விடப்படவில்லை.

சரி, பாகிஸ்தான் 1953-லேயே சொந்த ஆளை வைத்ததே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த இடத்தில் அரசு தயங்கியது என்றுதான் நானும் நினைக்கிறேன். 1956-இல் கப்பல் அணியின் தலைமையையே கட்டாரியிடம் கொடுத்தார்கள்; அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். அவரை நம்பிக் கப்பல்களைக் கொடுத்த பிறகு படையைக் கொடுக்க இன்னும் 2 ஆண்டு எதற்கு? அந்த 2 ஆண்டுக்காக நேருவைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். மொத்த 11 ஆண்டையும் அவர் தலையில் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால், ஆற்றை அளந்துகொண்டிருந்த ஒருவர் 19 ஆண்டுக்குள் ஒரு நாட்டின் கடற்படைக்கே தலைவரானாரே, அந்த உழைப்பு உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

அப்புறம், அவர் காலத்தில் நடந்ததையும் பாருங்கள். 1961 டிசம்பரில் கோவா விடுதலையில் கடற்படை சண்டையிட்டது. அதில் அஞ்சதீவு என்ற சின்னத் தீவில் நம் மாலுமிகள் 7 பேர் உயிர் கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, பெல்ஃபாஸ்டில், நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இந்தியக் கொடி ஏறியது. அந்தக் கப்பலுக்குக் கேப்டன் பிரீதம் சிங் மகிந்த்ரூ. படைக்குத் தலைவர் கட்டாரி.